கால் கிலோ காரச்சேவு

மதுரை,
6.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பாண்டிமீனா வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு சுகம். சிறைக்குள் இருப்பவள் சுகம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாமா இன்னும் தீப்பெட்டி லோடு ஏற்றத்தான் போகிறார்களா? ரோஜா மதினிக்குப் பரீட்சை முடிந்ததா?

இங்கே மூன்று வேளையும் சோறு. யாரும் கை நீட்டுவதில்லை. முதல் வாரம் யாராவது பக்கத்தில் நடந்தாலே தூக்கத்தில் எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வேனாம். பக்கத்தில் படுக்கிற அருப்புக்கோட்டை அம்மா, "படு ஆத்தா, இங்கன உன்னைய யாரும் ஒண்ணும் செய்யமாட்டாக" என்று இழுத்துப் படுக்க வைப்பார்கள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் ஜெயிலுக்கு வர வேண்டியிருந்தது, பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இலவசச் சட்ட உதவியில் சொர்ணலட்சுமி என்று ஒரு வக்கீல் அக்கா எனக்காக வந்திருக்கிறார்கள். அப்பாவும் சித்தப்பாவும் செத்த அன்றைக்கு, அதாவது செப்டம்பர் 22, எனக்குப் பதினெட்டு வயது மூன்று மாதம் என்று பள்ளிக்கூடச் சான்றிதழ் சொல்கிறதாம். அதனால்தான் பெரிய மனுஷியாகக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். "நிஜமா எப்ப பிறந்தே?" என்று அக்கா கேட்டார்கள். மகாசிவராத்திரிக்கு மறுநாள் பிறந்தவள் என்று நீங்கள் சொல்வீர்களே, அதைச் சொன்னேன். பழைய காலண்டரைத் தேடி 17.2.2007 என்றார்கள். அப்படியானால் அன்றைக்கு எனக்குப் பதினேழரைதான். எட்டு மாதம் கூடுதலாக எழுதியிருக்கிறது. பதினெட்டு ஆகாதவர்களுக்கு வேறு கோர்ட், வேறு சட்டமாம். ஆயுள் முழுக்க உள்ளே கிடக்க வேண்டாமாம்.

பள்ளிக்கூடத்தில் அந்தத் தேதியைச் சொன்னவர் நீங்கள். சொன்னவரே வந்து நின்று தப்பு என்று சொன்னால்தான் கோர்ட் கேட்கும் என்கிறார்கள். என் தடுப்பூசி அட்டையும் உங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். கொண்டுவருவீர்களா அத்தை?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
பாண்டிமீனா


இருக்கன்குடி மாரியம்மன் துணை

சாத்தூர்,
29.10.2024

மீனாவுக்கு அத்தை அய்யம்மாள் சொல்லச் சொல்ல ரோஜா எழுதுவது.

இங்கன எல்லாரும் நலம்னு எழுதட்டுமான்னு ரோஜா கேக்கா. எழுதிக்கோ, எப்படியும் எழுதித்தான ஆகணும்னேன். என்ன நலம்? கூடப் பிறந்த ரெண்டு பேரையும் ஒரே நாள்ல தீயில குடுத்துட்டு நிக்கேன். மூஞ்சியைக்கூடக் காட்டல. வெள்ளைத் துணியில சுத்தி, இது ஊர்க்காவலன், இது சங்கையான்னு காமிச்சாக. எது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் பொதுவா விழுந்து அழுதேன். கொள்ளி வைக்க ஆள் இல்லாம உங்க மாமா வச்சாக.

இனி எனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா? பொங்கலுக்குப் படி கொண்டுட்டு வர யாரு இருக்கா? ரோஜா கல்யாணத்துல தாய்மாமன் மாலை போட யாரு இருக்கா? இதெல்லாம் நீ ஒரு நிமிசம் யோசிச்சியா?

உங்கப்பன் கோவக்காரன்தான். இல்லங்கல. பிள்ளையைக் கண்டிக்காத வீடு எங்கன இருக்கு? சரி, அவனை விடு. சங்கையா உன்னைய என்ன செஞ்சான்? ஒரு நாளாவது ஒரு அடி அடிச்சிருப்பானா? அதைச் சொல்லு முதல்ல.

வயசைக் கூட்டிச் சொன்னது நான்தான். உங்கம்மா பட்டாசுக் கம்பெனியில வெடிச்சுப் போனப்ப நீ நாலு வயசுப் பிள்ள. மத்தியானம் உனக்கு ஒரு வாய் சோறு போட ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துல சேத்துட்டா சத்துணவுல சோறும் முட்டையும் கிடைக்குமேன்னு கூட்டிட்டுப் போனேன். வயசு பத்தலன்னு வாத்தியார் சொன்னாரு. 2006-ல ஆறாம் மாசம் ரெண்டாந்தேதி பிறந்த பிள்ளன்னு கூசாம சொன்னேன். உன் வயித்துக்காகச் சொன்னது. அது இப்படி வந்து நிக்கும்னு கண்டேனா?

அட்டை எங்கன கிடக்கோ. கரையான் அரிச்சிருக்கும். தேடிப் பாக்கேன்.

தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளி. அங்கன எண்ணெய் குடுப்பாகளா?

இப்படிக்கு,
அய்யம்மாள்


மதுரை,
14.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பாண்டிமீனா எழுதுவது. கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு எண்ணெய் கொடுத்தார்கள். தேய்த்துக் குளித்தேன். அருப்புக்கோட்டை அம்மாதான் முதுகில் தேய்த்துவிட்டார்கள். பாதியில் கையை எடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். உங்களுக்குக் காய்ச்சல் சளி ஒன்றும் இல்லையே?

சித்தப்பா என்ன செய்தார் என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி, ஒரு அடி அடித்ததில்லை. அப்பா என்னை அடிக்கத் தொடங்கியதும் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அடித்து முடிந்ததும் குறைப்பார். எட்டு வருஷம் அதைத்தான் செய்தார்.

போலீஸ்காரர்கள் பூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். பட்டாசுக்கு வைக்கிற கருந்திரியை நாங்கள் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் செய்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியே பூட்டுவோம், ஜீப் வந்தால் ஆளில்லாத இடம் என்று நினைத்துப் போகட்டும் என்று. நம் பக்கம் திரி செய்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் பூட்டுகிற வேலை என்னுடையது. அன்று சாயங்காலமும் அவர்கள் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்ததும் பூட்டினேன்.

வக்கீல் அக்கா இதைப் பிடித்துக்கொண்டார்கள். "பூட்டினது பழக்கதோஷம், தீ தானா பிடிச்சதுன்னு சொல்லிரலாம்டா" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். பூட்டியது தினமும் செய்கிற வேலை. அதற்கப்புறம் ஜன்னல் வழியாகக் குச்சியைக் கிழித்துப் போட்டது வேலை இல்லை, அது நான். செய்ததை இல்லை என்று சொல்லமாட்டேன் அத்தை. ஆனால் ஏன் செய்தேன் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

மதினிதான் இதை வாசித்துக் காட்டுவார்கள் என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். உங்களுக்குத் தெரியும். அட்டை கிடைத்ததா?

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் அண்ணன் மகள்,
பாண்டிமீனா


சாத்தூர்,
8.12.2024

பிரியமுள்ள மீனாவுக்கு,

ரோஜா எழுதுவது. எங்கள் எல்லோருக்கும் சுகம்தான். மழை விட்டபாடில்லை, தீக்குச்சி காயாமல் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இல்லை. உனக்குக் கம்பளி எதுவும் கொடுத்தார்களா?

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்துவிட்டார். விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கினார். பதில் எழுதலாமா என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். சரி, நானே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு ஆலங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறது. சிமெண்ட் ஆலையில் வேலை. பெயர் பாண்டிமுருகன். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா, "அந்த ஆனைக்குட்டத்துத் திரிக்கொட்டகைக் கேசு உங்க வீட்டு ஆளுகளாம்ல?" என்று கேட்டார். அம்மா உடனே, "தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் தாய்மாமன் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பது ஞாபகம் வந்து, "தீ விபத்து, என்னத்தச் சொல்ல" என்று சமாளித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காபித் தட்டை நீட்டிக்கொண்டு பேசாமல்தான் நின்றேன்.

நான் வாசிப்பதால் எழுதவில்லை என்றாயே, அது என்ன மீனா? எதுவானாலும் என்னிடம் சொல்லலாம்.

உன் மதினி,
ரோஜா


மதுரை,
22.12.2024

அன்புள்ள அத்தைக்கும் மதினிக்கும்,

பாண்டிமீனா வணக்கத்துடன். சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளை வந்த செய்தி கேட்டு சந்தோஷம். சிமெண்ட் ஆலை என்றால் வெடிக்காது, அதுவே போதும்.

போலீஸ்காரர்கள் கோர்ட்டில் கொடுத்த குற்றப்பத்திரிகையை அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் முதுகிலும் கையிலும் இருக்கிற சூட்டுத் தழும்புகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. திரி வேலை செய்கிற எல்லோர் உடம்பிலும் இப்படித் தழும்பு இருக்குமாம், அதனால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாமாம். வேலையில் பட்ட சூடு முதுகில் வரிசையாகவா விழும் என்று அக்காவிடம் கேட்டேன். அவர்கள் என் தலையில் கையை வைத்தார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொட்டகை வாசலில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சேவுக் கவர் எடுத்திருக்கிறார்கள். கால் கிலோ காரச்சேவு. சாத்தூர்க் கடைப் பெயர் அச்சடித்த கவர். இரண்டு பேரையும் நிறையக் குடிக்கவைத்துத் தூங்கப்பண்ண நானே திட்டம் போட்டு வாங்கிவந்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். கோபத்தில் செய்தது வேறு, திட்டம் போட்டுச் செய்தது வேறு என்று அக்கா சொல்கிறார்கள். "இதை யாரும்மா வாங்கிக் குடுத்தா?" என்று அக்கா கேட்டார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

அத்தை, வாங்கிக் கொடுத்தவரே சொன்னால்தான் நல்லது. நான் சொன்னால் அது கொலை செய்தவள் கட்டின கதை.

உங்கள் அண்ணன் மகள்,
பாண்டிமீனா


இருக்கன்குடி மாரியம்மன் துணை

சாத்தூர்,
20.1.2025

மீனாவுக்கு அத்தை சொல்லி ரோஜா எழுதுவது.

நாங்க நல்லா இருக்கோம், நீயும் நல்லா இருப்ப. பொங்கலுக்கு ஒரு படி அரிசி கொண்டாற நாதி இல்லாம நானே கடையில வாங்கி, அண்ணன் தம்பி கொண்டாந்ததா நினைச்சு உலையில போட்டேன். அங்கன பொங்கல் வச்சாகளா? கரும்பு குடுத்தாகளா?

ரோஜாவுக்கு ஆலங்குளத்து இடமே அமைஞ்சிருச்சு. தை கடைசியில நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுல நல்ல மனுசங்க, ஆனா ஊர் வாய்க்குப் பயந்தவுக. பாக்குக் கலர்ல பட்டு எடுத்திருக்கு. ரோஜாவுக்கு அது எடுப்பா இருக்கும். உங்க மாமாவுக்கு லோடு ஏத்தி ஏத்தி இடுப்பு பிடிச்சுக்கிட்டு.

அட்டை கிடைச்சிருச்சு. பெட்டிக்கு அடியில கிடந்தது. ஒரு ஓரம் பூச்சி அரிச்சிருக்கு, தேதி நல்லாத் தெரியுது. அந்த வக்கீலம்மாகிட்ட சொல்லு, நான் வாரேன். வயசைப் பத்திக் கேட்டா சொல்லுதேன். வயசை மட்டுந்தான். வேற எதையும் எங்கிட்ட கேக்கக்கூடாதுன்னு அவுககிட்ட கறாரா சொல்லிரு.

சளி பிடிக்காம பாத்துக்கோ.

இப்படிக்கு,
அய்யம்மாள்

(காரச்சேவு பற்றி நீ எழுதியதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. நானும் இரண்டு முறை கேட்டேன். - ரோஜா)


மதுரை,
4.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பாண்டிமீனா. நலமாக இருக்கிறேன். பொங்கலும் கரும்பும் கொடுத்தார்கள். மாமா இடுப்புக்கு ஒத்தடம் கொடுங்கள். அட்டை கிடைத்ததற்கு மிக்க நன்றி. மார்ச் 12 வாய்தா.

மதினி, இதற்கு மேல் நீங்கள் வாசிக்க வேண்டாம். கடிதத்தை அத்தை கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார்கள். பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

அத்தை, அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மதினி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தார்கள். திரி அளவு குறைந்ததற்காக முந்தின நாள் அப்பா கம்பியைக் காய்ச்சி இழுத்திருந்தார். ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் வைத்து நனைத்து நனைத்து நீங்கள்தான் பிரித்து எடுத்தீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினீர்கள். "பாவிப்பய, பாவிப்பய" என்று அழுதீர்கள். முட்டை பொரித்துச் சோறு போட்டீர்கள்.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், உங்களோடு தீப்பெட்டிக் கம்பெனிக்கு வருகிறேன் என்று சொன்னேன். நீங்கள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "உன்னைய எப்படி ஆத்தா வச்சுக்கிறது? உங்கப்பன் வந்து வாசல்ல நின்னு கத்துனா ரோஜாவை எவன் பொண்ணு கேட்டு வருவான்? தீபாவளி சீசன் முடியட்டும், நானே வந்து அண்ணன்கிட்டப் பேசுதேன்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அங்கே கால் கிலோ காரச்சேவு வாங்கி என் பையில் வைத்தீர்கள். "அண்ணனுக்கு இதுன்னா உசுரு. குடு, கோவம் தணியும்" என்றீர்கள். இரண்டு மணி பஸ். பெண்களுக்கு இலவசம். என்னைத் திருப்பி அனுப்ப டிக்கெட் செலவுகூட உங்களுக்கு ஆகவில்லை.

அப்பா கவரைப் பார்த்தார். கடைப் பெயரைப் படித்தார். சந்தைக்குப் போனதாகத்தான் நான் சொல்லியிருந்தேன். "சாத்தூருக்கா போன? அவகிட்ட என்னத்தக் காமிச்ச?" என்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சேவுக் கவரைப் பிரித்துச் சித்தப்பாவுக்கும் கொடுத்து, இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். உள்ளே போய்ப் படுக்கும்போது, "தூங்கி எந்திரிச்சு வாரேன், உனக்கு இருக்கு இன்னைக்கு" என்றார். சித்தப்பா சிரித்தார். எழுந்து வந்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம்.

வயதோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள் அத்தை. நான் வந்தேன், காட்டினேன், நீங்கள் அனுப்பினீர்கள், சேவு நீங்கள் வாங்கியது. இந்த நான்கையும் சொன்னால் போதும். உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அக்கா இல்லாதபோது சிறை நூலகத்து டீச்சரிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுவிட்டேன்.

உங்கள் அண்ணன் மகள்,
பாண்டிமீனா


சாத்தூர்,
23.2.2025

பிரியமுள்ள மீனாவுக்கு,

ரோஜா. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன திங்கள் உனக்கு நிஜமாகவே பதினெட்டு முடிந்தது, நினைத்துக்கொண்டேன்.

நீ வேண்டாம் என்று எழுதியதை வாசித்தேன். வாசிக்காமல் எப்படி இருப்பேன்? பிறகு அம்மாவிடம் போய், "அன்னைக்கு மீனா வந்தாளா?" என்று கேட்டேன். புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"வந்தா."

"முதுகைக் காமிச்சாளா?"

"காமிச்சா."

"ஏம்மா அனுப்புன?"

"எல்லாம் உனக்காகத்தான்டி அனுப்புனேன்! ஒரு வாரத்துல ஊர் சிரிச்சிருக்கும். இந்த ஆலங்குளத்து இடம் வந்திருக்குமா?" என்று கத்தினார். பிறகு அழுதார். "நான் என்ன கொலையா செஞ்சேன்? சேவுதான வாங்கிக் குடுத்தேன்! ஒரு புண்ணுக்கு எண்ணெய் போட்டது தப்பா, பசிக்குச் சோறு போட்டது தப்பா? என்னையக் கொண்டுபோய் கோர்ட்டுல நிறுத்துறீகளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா வந்து என்ன சத்தம் என்றதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

என்னைச் சாக்காக வைத்து உன்னைப் பஸ் ஏற்றியிருக்கிறார்கள் மீனா. அதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிப் பட்டுச்சேலை கட்ட? வாய்தா அன்றைக்கு அம்மாவை நானே கூட்டிவருகிறேன். எல்லாவற்றையும் சொல்லவைப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மதினி,
ரோஜா


சாத்தூர்,
28.4.2025

மீனாவுக்கு அத்தை எழுதுறது. ரோஜா எழுத மாட்டேங்கா. அதான் நானே எழுதுதேன். எழுத்து கோணலா இருக்கும். ரோஜா கல்யாணப் பத்திரிகை இதுல வச்சிருக்கேன். நீ வர முடியாதுன்னு தெரியும். அனுப்பாம இருக்க மனசு கேக்கல. நல்லாச் சாப்பிடு. அத்தை மேல கோவம் வேண்டாம்.

அய்யம்மாள்


(முகவரி மாறியிருக்கிறது, கவரின் பின்னால் இருக்கிறது)
18.5.2025

அத்தைக்கு,

பாண்டிமீனா எழுதுவது. பத்திரிகை கிடைத்தது. சிவகாசி அச்சு, தங்க நிற எழுத்து, நன்றாக இருக்கிறது. தாய்மாமன்கள் என்று போட்டு, தெய்வத்திரு ஊர்க்காவலன், தெய்வத்திரு சங்கையா என்று விளக்குப் படத்தோடு அச்சடித்திருக்கிறீர்கள். என் பெயரைத் தேடவில்லை என்று எழுதினால் பொய். தேடினேன்.

மார்ச் 12 அன்று பேச முடியவில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அட்டையைக் கொடுத்து, சோற்றுக்காக வயதைக் கூட்டிச் சொன்னதை நீங்கள் சொன்ன விதத்தில் நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். உங்கள் பெயரை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை அத்தை. சாத்தூர்க் கவரையும் சாத்தூர் அத்தையையும் அவர்களே சேர்த்துப் பார்த்துக் கேட்டுவிட்டார்கள்.

"சம்பவத்தன்னைக்கு இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துச்சாம்மா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த மதினியைப் பார்த்தீர்கள். மதினி குனிந்து தன் கை வளையலைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லைங்க. வரல."

"அவங்கப்பா இவளுக்குச் சூடு வைப்பாரா?"

"எங்கண்ணன் பிள்ளை மேல கை வைக்கிற ஆளு இல்லைங்க. தங்கமான மனுசன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். அந்த அழுகை நிஜம்தான், எனக்குத் தெரியும்.

வயதை ஏற்றுக்கொண்டு என்னை இந்த இடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் பதினாறு தாண்டியவர்கள் இவ்வளவு பெரிய குற்றம் செய்தால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முதலில் சோதித்துப் பார்ப்பார்களாம். அதற்கு ஒரு டாக்டரம்மா வந்தார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். எட்டு வருஷத்தையும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், "இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னியாம்மா? எங்கயாவது உதவி கேட்டியா?" என்றார்கள்.

உங்கள் பெயரைச் சொன்னால் கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொன்னதாக உங்கள் மேல் கேஸ் வரும். மதினி கல்யாணம் நிற்கும். "யார்கிட்டயும் சொல்லல. சொல்ல எனக்கு யாரும் இல்ல" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த வரியையும் சேவுக் கவரையும் வைத்துத்தான் உத்தரவு வந்திருக்கிறது. உதவி கேட்க எந்த முயற்சியும் செய்யவில்லை, தின்பண்டம் வாங்கிவந்து தூங்கவைத்து, விளைவு தெரிந்தே செய்திருக்கிறாள், பெரியவளாகவே விசாரிக்கலாம் என்று. நீங்கள் திருப்பிக் கொடுத்த எட்டு மாதம் எட்டு வாரம்கூட என் கையில் இல்லை. சொர்ணலட்சுமி அக்கா, "ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

நான் செய்ததற்கு என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் சித்தப்பாவை நினைத்தால் இப்போது தூக்கம் வரவில்லை. அவரும் அடிக்கவில்லை, நீங்களும் அடிக்கவில்லை. அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார், நீங்கள் சேவு வாங்கிக் கொடுத்தீர்கள். அவரை நான் பூட்டி எரித்தேன். உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஏழு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது என்ன நியாயம்? நேற்று சித்தப்பாவுக்காக முதல்முறையாக அழுதேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. கல்யாண வேலையில் அலையாதீர்கள், கால் வீங்கும். மதினிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். இதற்குப் பதில் போட வேண்டாம்.

யாரும் இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. இனி யாராவது கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பாண்டிமீனா